காரைக்கால் பெட்டிகளின் கதை



பாரீசிலிருந்து பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கியிருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் வருவதும், பெட்டி கட்டித் திரும்புவதும் நமக்குப் புதிதல்ல. அதன் பின்னால் நம் ஊரின் வரலாறே இருக்கிறது.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. மூன்று பக்கமும் தஞ்சைச் சீமை, கிழக்கே கடல். பாண்டிச்சேரிக்குப் போவதென்றாலும் வழியில் ஆங்கிலேயர் ஆண்ட மண்ணைக் கடக்க வேண்டும். 1898-இல் பேரளத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயில் பாதை வந்தது. சுமார் 23 கிலோமீட்டர்தான். திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் போய், வண்டி மாறி மாயவரம் போகலாம். அந்தச் சிறு தூரத்திற்குள் ஓர் அரசைவிட்டு இன்னோர் அரசுக்குள் நுழைந்துவிடுவோம். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாட்டால் கெடுபிடி தளர்ந்தது. 1949-இல் அது முடிவுக்கு வந்ததும் சோதனை மறுபடி இறுகியது. கல்யாணத்துக்குப் புறப்படுகிற குடும்பம்கூட எதை எடுத்துவைப்பது, எதை விட்டுச்செல்வது என்று யோசித்துத்தான் பெட்டி கட்டியது.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்திற்குள் எழுதித் தர வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அந்த ஒரு காகிதத்தால் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் மட்டுமல்ல, விடுமுறையும் வேறு வேறு. நமக்குக் கோடை விடுமுறை மே மாதம். அவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட். அவர்கள் வரும்போது நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் முகம் பார்க்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். என் கவலை இதுதான்.

ஒரு வழி உண்டு. மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. சில வருடங்களில் அது ஜூலையில் விழும். பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்கேற்ப டிக்கெட் எடுப்பார்கள். மாடியிலிருந்து இறைக்கும் மாம்பழத்தை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று பிடிக்கட்டும்.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட்டும், விசா அல்லது ஓசிஐ அட்டையும் வேண்டும். பெற்றோர் வராமல் தாத்தா பாட்டியுடன் மட்டும் வரும் பிள்ளைக்கு, பிரான்சைவிட்டு வெளியேறப் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் 2017 ஜனவரி முதல் கட்டாயம். இதைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள்.

திரும்பும்போதுதான் நம் பெண்கள் பெட்டியைப் பிதுங்கப் பிதுங்க அடைப்பார்கள். கவனிக்க: ஐரோப்பாவுக்குள் நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. கருவாட்டுக்கு அளவோடு அனுமதி உண்டு. வாழைப்பழம், தேங்காய் போகலாம். மாம்பழத்துக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். 2019 டிசம்பரில் இந்த விதி வந்தது. அதனால் திருவிழா மாம்பழத்தை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். மிளகாய்ப் பொடி, வடகம், புளியைத் தனித்தனியாகக் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். சோதிப்பவர் கேட்டால் பிள்ளையே பதில் சொல்லலாம். துணியைப் பிள்ளைகளே மடித்து வைக்கட்டும்.

பழைய பேரளம் பாதை 1980-களில் மூடப்பட்டது. நாகூர் வழியாக 2011-இல் ரயில் மறுபடி காரைக்காலுக்கு வந்தது. பேரளத்துக்கும் இப்போது அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். பாரீஸ் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநள்ளாறு கூட்டிப்போய் அந்தத் தண்டவாளத்தைக் காட்டுங்கள். தாத்தா எந்தப் பக்கம் போனார், அவர் தம்பி ஏன் இங்கேயே இருந்தார் என்று சொல்லுங்கள்.

இந்த ஆண்டு யார் யார் வீட்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தேதி ஒத்துவந்தால் எல்லாரையும் ஒரே நாளில் பார்க்க எனக்கும் ஆசை.