விலைக்கு வாங்குவதும் சந்தா கட்டுவதும்



ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றன. விலை கொடுத்து வாங்குவது ஒன்று. வாடகை கொடுத்து ஆள்வது மற்றொன்று. நிலத்திற்குக் கிரயமும் உண்டு, குத்தகையும் உண்டு. சொந்த வீட்டில் இருப்பவன் கூரை ஒழுகினால் தானே செப்பனிட வேண்டும். ஆனால் அவனை வெளியேறு என்று சொல்வார் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவனுக்குக் கூரையைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் மனம் மாறினால் வேறு வீடு தேட வேண்டும். இந்தப் பழைய வழக்கு நம் காலத்தில் புதியதொரு களத்தில் எழுந்துள்ளது. புகைப்படங்களைத் திருத்தி அமைக்கும் மென்பொருளை ஒரே முறை விலை கொடுத்து வாங்குவதா, மாதந்தோறும் சந்தா கட்டிப் பயன்படுத்துவதா என்பதே அவ்வழக்கு. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

கருவியை விற்பதைவிட அதன் பயனை விற்பது இலாபம் தரும் என்னும் உண்மையை வணிகர்கள் மென்பொருள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே கண்டுகொண்டனர். 1888-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் கோடக் என்னும் கையடக்கக் காமிராவை 25 டாலருக்கு விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படங்கள் எடுக்கக்கூடிய பிலிம் அதனுள்ளேயே இருந்தது. படங்களை எடுத்து முடித்தவர் காமிராவை அப்படியே ராச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பி வைப்பார். பத்து டாலர் பெற்றுக்கொண்டு படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுப் பிலிமும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். காமிரா வாங்கியவருக்கே சொந்தம். அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழியோ தொழிற்சாலையின் வாயிலாகச் சென்றது.

ஐ.பி.எம். நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தன் கணக்கிடும் இயந்திரங்களை அது விற்பதில்லை. வாடகைக்கே விட்டு வந்தது. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் முடிவில், விலைக்கு வாங்க விரும்புவோர்க்கு விற்கவும் வேண்டும் என்று அந்நிறுவனம் உடன்பட நேர்ந்தது. 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 என்னும் நகலெடுக்கும் இயந்திரமும் வாடகை முறையாலேயே அலுவலகங்களில் பரவியது. மாதம் 95 டாலர் வாடகை. 2,000 நகல்கள் வரை அதில் அடக்கம். அதற்கு மேற்பட்டால் நகலுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். பெருந்தொகை போட்டு வாங்க இயலாதவர்க்கும் அரிய கருவி கைக்கு எட்டியது வாடகையின் நன்மை. வாடகை முறையை முற்றிலும் தீயது என்று தள்ளிவிடுவது நேர்மை ஆகாது.

இனிப் புகைப்பட மென்பொருளுக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாமஸ் நோல் என்னும் இளைஞர், கருப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கென ஒரு சிறு நிரலை எழுதினார். அவருடைய சகோதரர் ஜான் நோல், திரைப்படத் தந்திரக் காட்சிகளை அமைக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். இருவரும் சேர்ந்து அந்நிரலைப் படங்களைத் திருத்தும் முழுக் கருவியாக வளர்த்தனர். அதுவே போட்டோஷாப். அடோபி நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்று 1990 பிப்ரவரியில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென அதை வெளியிட்டது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் என்னும் வசதி சேர்ந்தது. கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவது போன்றது அது. இருட்டறையில் இரசாயனங்களோடு பல மணி நேரம் பாடுபட்டுச் செய்த வேலைகள் மேசைமீது நடைபெறலாயின.

அந்நாளில் மென்பொருள் பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. வாங்கியவர் தம் கணிப்பொறியில் அதை ஏற்றிக்கொண்டு வேண்டிய காலம்வரை பயன்படுத்துவார். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். பழைய பதிப்பை உடையவர் குறைந்த தொகை கொடுத்து அதைப் பெறலாம். வேண்டாமெனில் பழையதோடு அமைதி கொள்ளலாம். இந்த அமைதிதான் நிறுவனத்திற்குத் தலைவலி ஆயிற்று. செருப்புத் தேயும், மிதிவண்டி துருப்பிடிக்கும், மென்பொருளோ தேய்வதில்லை. மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர் மீண்டும் கடைக்கு வருவதில்லை. அவரை வரவழைக்க ஒவ்வொரு பதிப்பிலும் புதுமை காட்ட வேண்டும். பொருளாதாரம் தளர்ந்தாலோ, பழைய பதிப்பே போதும் என்று எல்லோரும் இருந்துவிடுவர். 2008-ஆம் நிதியாண்டில் சுமார் 358 கோடி டாலராக இருந்த அடோபியின் வருவாய், உலகப் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து 2009-இல் சுமார் 295 கோடி டாலராகச் சரிந்தது. விலை கொடாமல் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவோரின் தொல்லையும் இருந்தது. நிலையான மாத வருவாயை நிறுவனம் நாடியதில் வியப்பில்லை.

2012-இல் கிரியேட்டிவ் சூட் 6 என்னும் தொகுதி வெளியாயிற்று. அதே ஆண்டில் கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தா முறையும் அதன் அருகிலேயே தொடங்கப்பட்டது. ஓராண்டு வரை இரண்டு வாயில்களும் திறந்திருந்தன. 2013 மே 6 அன்று, இனி வரும் புதுப் பதிப்புகள் சந்தாதாரர்க்கு மட்டுமே கிடைக்கும் என்று அடோபி அறிவித்தது. விலைக்கு வாங்கும் வாயில் அடைபட்டது. பல்லாயிரவர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். நிறுவனம் முறையை மாற்றவில்லை; விலையை மட்டும் தணித்தது. அவ்வாண்டிலேயே போட்டோஷாப்பையும் லைட்ரூம் என்னும் துணை மென்பொருளையும் சேர்த்து, மாதம் 9.99 டாலருக்குப் புகைப்படக்காரர்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை வகுத்தது.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். போட்டோஷாப்பின் ஆறாம் சூட் பதிப்பு 699 டாலர். முந்திய பதிப்பிலிருந்து மாறுவோர்க்கு 199 டாலர். மாதம் 9.99 டாலர் வீதம் இருபது மாதம் கட்டினால் ஏறத்தாழ 199 டாலர் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிப்பையும் தவறாது வாங்கி வந்தவருக்குச் சந்தாவால் பெரிய இழப்பு இல்லை. புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞருக்கு இலாபமே. 699 டாலரை ஒரே நாளில் திரட்டும் சுமை அவருக்கு நீங்கியது. இழந்தவர் யார்? ஒரு பதிப்பை வாங்கிப் பத்து ஆண்டு ஓட்டிய சிக்கனக்காரர். பத்து ஆண்டில் அவர் கட்ட வேண்டிய சந்தா சுமார் 1,199 டாலர். போதும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் உரிமையையும் அவர் இழந்தார். அன்றைய வாடகை அப்படியே நிலைத்ததும் இல்லை. 2025 ஜனவரியில் அந்தப் பழைய திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. ஏற்கெனவே அதில் இருந்து மாதந்தோறும் கட்டி வந்தவர்க்குக் கட்டணம் 14.99 டாலராக உயர்ந்தது.

பணக் கணக்கோடு இது முடிந்துவிடுமானால் இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. புகைப்பட மென்பொருளுக்கென ஒரு தனித்தன்மை உண்டு. தச்சன் தன் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் அவன் செய்த நாற்காலி அவன் வீட்டில் இருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருள் செய்யும் வேலை அத்தகையதன்று. அது மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. இங்கே வெளிச்சத்தைக் கூட்டு, அங்கே நிழலைக் குறை என்னும் கட்டளைகளை மட்டும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. மூலம் கெடாமல் இருப்பதற்கு இது சிறந்த வழி. ஆயினும் அக்கட்டளைகளைப் படித்து முன்போலவே படத்தை உருவாக்க அதே மென்பொருள் வேண்டும். சந்தா முடிந்த பின்னரும் லைட்ரூமில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று அடோபி இடமளித்துள்ளது. திருத்தும் அறையின் கதவு மட்டும் மூடிக்கொள்ளும். பத்தாண்டு உழைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்ய விரும்பினாலும் மீண்டும் சந்தா கட்டியாக வேண்டும். உழைப்பு ஒருவர் கையில். அதன் சாவி மற்றொருவர் கையில்.

அச்சாவியை ஆள்பவர் நிறுவனத்தாரும் அல்லர் என்பதை 2019-ஆம் ஆண்டு உலகம் கண்டது. வெனிசுவேலா அரசுக்கு எதிராக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆகஸ்டு மாதத்தில் பிறப்பித்த ஆணையைக் காரணம் காட்டி, அந்நாட்டிலுள்ள கணக்குகள் அனைத்தையும் முடக்கப்போவதாக அக்டோபரில் அடோபி அறிவித்தது. படங்களையும் கோப்புகளையும் எடுத்துக்கொள்ள அம்மாத இறுதிவரை தவணை தரப்பட்டது. அங்கிருந்த ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் ஒரு குற்றமும் செய்தவர் அல்லர். சந்தாவும் தவறியவர் அல்லர். இறுதியில் அமெரிக்க அரசு உரிமம் வழங்கவே சேவை தொடர்ந்தது. பெட்டியில் வாங்கிய பழைய பதிப்பை வைத்திருந்தவரிடம் இப்படியொரு தவணையை யாரும் விதித்திருக்க முடியாது.

அப்படியாயின் விலைக்கு வாங்குவது நிலையான பாதுகாப்பா? அதையும் வரலாறு முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் அபெர்ச்சர் என்னும் புகைப்பட மென்பொருளை 499 டாலருக்கு வெளியிட்டது. 2014-இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. 2019-இல் வந்த கேட்டலினா என்னும் இயக்கு மென்பொருளில் அது ஓடவே இல்லை. வாங்கியவரிடம் உரிமை இருந்தது. அதை ஏற்று நடத்தும் புதிய கணிப்பொறி இல்லை. அடோபியின் 2005-ஆம் ஆண்டுத் தொகுதியோ, நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்புகொண்டு ஒப்புதல் பெற்ற பிறகே வேலை செய்யும்படி அமைந்திருந்தது. அந்த ஒப்புதல் நிலையம் பின்னர் மூடப்பட்டது. ஒப்புதல் தேவைப்படாத வேறு பிரதியை நிறுவனம் வழங்கியதால் வாங்கியவர்கள் தப்பினர். பெட்டியை விலைக்கு வாங்கிய காலத்திலும் சாவியின் ஒரு பல் விற்றவரிடமே இருந்தது.

சட்டமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பயன்படுத்திய மென்பொருளை மறுவிற்பனை செய்த வழக்கொன்றில், வாங்கியவர் பெற்றது உரிமமே, உடைமை அன்று என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2010-இல் தீர்ப்பளித்தது. கால வரம்பின்றி விலை பெற்று வழங்கிய உரிமம் விற்பனையே, ஆகவே வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் கூறியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் தந்துவிட்டு, அதைத் தெளிவாக எடுத்துக் கூறாமல், ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமே வேண்டியதாயிற்று.

மூன்றாவது வழியும் இக்கதையில் உண்டு. ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு கலிபோர்னியா மாணவர்கள் எழுதி, 1996-இல் வெளிவந்த கிம்ப் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூல நிரலையே படித்துத் திருத்தவும் செய்யலாம். இங்கிலாந்தின் செரிப் நிறுவனம் 2015-இல் அபினிட்டி போட்டோவை ஒரே முறை விலைக்கு விற்று, சந்தாவை வெறுத்தோரின் புகலிடமாயிற்று. 2024-இல் கான்வா நிறுவனம் செரிப்பை வாங்கியது. 2025 அக்டோபரில் அபினிட்டி இலவசமாக்கப்பட்டது. பயனாளருக்கு இது நல்வரவே. எனினும் தாராளமான வீட்டுக்காரரும் வீட்டுக்காரரே அல்லவா? கிம்பின் நிலை வேறு. அதன் மூலம் பொதுவில் இருப்பதால் அதை மூடிவிட ஒருவராலும் இயலாது.

மாணவர்களாகிய உங்களுக்கு இவ்வரலாறு தரும் பயன் என்ன? எது மலிவு என்னும் கேள்வி ஆளுக்கு ஆள் வேறு விடை தரும். மூன்று மாதம் வேலை உள்ளவருக்குச் சந்தா உகந்தது. ஆண்டு முழுவதும் புதிய வசதிகளைத் தேடும் தொழிலாளருக்கும் அது பொருந்தலாம். அவ்வப்போது குடும்பப் படங்களைத் திருத்துபவருக்கு ஒருமுறை வாங்குவதோ விலையின்றிக் கிடைப்பதோ போதும். எந்த வழியை மேற்கொண்டாலும் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு: நாளை இந்தக் கதவு மூடினால் என் படங்கள் என்னிடம் இருக்குமா? மூலப்படத்தைத் தனியே சேமித்து வையுங்கள். திருத்தி முடித்த படத்தை, பல மென்பொருள்களும் படிக்கக்கூடிய டிப், ஜேபெக் போன்ற பொது வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கருவியை வாடகைக்குப் பெறலாம். அதில் தவறு இல்லை. அதைக்கொண்டு நீங்கள் செய்த வேலை உங்கள் வீட்டுப் பெட்டியில், உங்கள் சாவியின்கீழ் இருக்கட்டும்.