சல்லடையில் தங்கும் தவிடு

வெளியூர்க்காரர்களுக்குத் தொரப்பள்ளி என்றால் 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர். மாவு மில் வைத்திருக்கும் எனக்கு இது ராகி ஊர். எங்கள் ஓசூர்ப் பக்கம் தமிழர் களி என்பார்கள், கன்னடத்தார் முத்தெ, தெலுங்கர் சங்கடி. சட்டியில் கிண்டுவது ஒன்றுதான். 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானனும் அங்கே சாமானியர் வயிற்றை நிரப்புவது ராகி என்று எழுதிவைத்தார்.

அந்த ராகியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விதத்தில் இருக்கிறது எங்கள் பாட்டிமாரின் கெட்டிக்காரத்தனம். முதலில் ராகிப்பால். ராகியை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, ஆட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து ஆட்டி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார்கள். தோல் துணியிலேயே நின்றுவிடும். இறங்கிய பாலைக் காய்ச்சி ஊட்டுவார்கள். பல் முளைத்து நடை பழகிய பிள்ளைக்குத் துணி கிடையாது, கூழ். இன்னும் வளர்ந்தால் ஒரு சின்ன உருண்டைக் களியும் கீரைக் குழம்பும். வயது ஏற ஏற நார்ச்சத்தும் ஏறியது.

கூழுக்கு மாலையிலேயே மாவைக் கரைத்து மண்சட்டியில் வைத்தால் விடிவதற்குள் புளித்து நுரைக்கும். நொய்யை வேகவிட்டு அந்தக் கரைசலை ஊற்றிக் கிண்ட வேண்டும். கொதியில் புளிக்கவைத்த கிருமிகள் செத்துப்போகுமே என்பார்கள், சரிதான். ஆனால் ஆறிய கூழை ஓர் இரவு வைத்து, காலையில் மோர் விட்டுத்தானே கரைக்கிறோம்? உயிருள்ள புளிப்புப் பாக்டீரியாக்கள் அப்போது வந்துசேரும். 1935-இல் ஜப்பானில் ஷிரோட்டா என்பவரின் யாகுல்ட் பால் பானம் விற்பனைக்கு வந்ததும் இதே வகைப் பாக்டீரியாக்களை நம்பித்தான். அதற்காகக் கூழுக்குப் புரோபயாடிக் என்று லேபிள் ஒட்ட நான் தயாரில்லை. போதிய அளவில் உள்ளே போய் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாடிக் என்று 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள் வரையறுத்தார்கள். சட்டிக்குச் சட்டி மாறும் கூழுக்கு அந்த உத்தரவாதத்தை யார் கொடுப்பது?

நார்ச்சத்தில் எனக்குத் தயக்கமில்லை. உகாண்டாவில் வேலை பார்த்த டாக்டர் டெனிஸ் பர்கிட், நார் மிகுந்த உணவு தின்பவர்களுக்கு மலச்சிக்கல் அரிது என்று 1970-களில் ஊர் ஊராகப் பேசினார். ராகியே அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த பயிர்தான்!

பிறகு ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980-இல் அசோக் லேலண்ட், வரிசையாக லைன் வீடுகள். 2011 ஜூனில் ரேஷன் அரிசி இலவசமானது. ராகி இருந்த தட்டில் அரிசி ஏறியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

"குழந்தைக்கு மூணு நாளா வெளிக்குப் போகலண்ணா" என்று சொல்லிக்கொண்டே ராகியை நீட்டுகிறார்கள். "நைஸா அரைச்சு ரெண்டு வாட்டி சலிச்சுக் குடுங்க." சலித்துக் கொடுத்தால், பிள்ளைக்கு வேண்டியது சல்லடையில் செம்பழுப்பாகத் தங்கி மாட்டுத் தொட்டிக்குப் போகிறது.

தாய்மாரே, ஒரு வயது தாண்டி, நன்றாக மென்று தின்னும் பிள்ளை என்றால் மாவைச் சலிக்கச் சொல்லாதீர்கள். நாரோடு தண்ணீரும் போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுகும். மலத்தில் ரத்தமோ, விடாத வாந்தியோ, வயிற்று உப்பலோ கண்டால் கூழையும் மோரையும் நம்பி உட்கார வேண்டாம்; அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.