குப்பை: ஒரு சொல்லும் இரு பகுப்பும்

‘குப்பை’ என்னும் சொல் சங்க இலக்கியத்தில் குவியலைக் குறித்தது. உப்புக் குவியலும் குப்பையே. கூட்டி ஒதுக்கியவற்றை ஓரிடத்திற் குவித்தமையால் அப்பெயர் குவியலினின்று குவிக்கப்பட்ட பொருளுக்கு ஆகி வந்தது எனக் கருதலாம். உழவர் வழக்கில் அது எருவையும் குறிக்கும். வயலுக்குக் ‘குப்பை அடித்தல்’ என்பது எரு இடுதலேயாகும். சாம்பலும் சாணமும் காய்கறித் தோலும் வாழையிலையுமே வீட்டுக் குப்பையாக இருந்தபோது, குப்பைக்கும் எருவுக்கும் இடையே இருந்தது சில மாதக் காலம் மட்டுமே. புட்டி, செய்தித்தாள், உடைந்த பாத்திரம் ஆகியன விலைக்குப் போயின; அவை ‘பழசு’ எனப்பட்டனவேயன்றிக் குப்பை எனப்படவில்லை.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மாறியது. தில்லியில் 1974இல் தொடங்கிய மதர் டெய்ரி, சாவடிகளில் வில்லை பெற்றுக்கொண்டு மக்கள் கொணரும் பாத்திரத்திற் பால் வழங்கியது. பின்னர் உறைப்பால் பெருகியது. தமிழகத்தில் 1980களில் சிறு உறை ஷாம்பு பரவியது. பல படலங்களால் ஆன அவ்வுறை எருவும் ஆகாது. பழசாக விலையும் போகாது.

பொருள் மாறியதும் சொல் அடை பெற்றது. எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ பொதுப்பெயரான பின் ‘நல்லெண்ணெய்’ தேவைப்பட்டதுபோல, மக்காதது கலந்த பின்னரே ‘மக்கும் குப்பை’ என்னும் தொடர் தேவைப்பட்டது. முன்பு அது கூறியது கூறலாக இருந்திருக்கும்.

1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து வந்த 2000ஆம் ஆண்டு விதிகள் தரம்பிரித்தலை வலியுறுத்தின. 2016ஆம் ஆண்டு விதிகள் மக்குவன, மக்காதன, தீங்குதரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பகுத்தன. வழக்கிலோ இரு பகுப்புகள் நிலைபெற்றன. தில்லித் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டையும் எதிர்கொள்கிறது: இந்தியில் ‘கீலா கச்ரா’, ‘சூகா கச்ரா’ என ஈரமும் உலர்வும், தமிழில் ‘மக்கும்’, ‘மக்காத’ என மக்கும் இயல்பும்.

இவை ஒன்றுக்கொன்று நேர் அல்ல. சருகு உலர்ந்தது, எனினும் மக்கும். சாம்பார் படிந்த பிளாஸ்டிக் உறை ஈரமானது, எனினும் மக்காது. செய்தித்தாள் மக்கும், ஆயினும் மறுசுழற்சிக்காக உலர்குப்பையிற் சேர வேண்டும். ஆகவே ‘உலர் குப்பை’, ‘மக்காத குப்பை’ ஆகிய இரண்டும் தனித்து நின்றால் பிழைக்கு இடம் தருவன.

இப்பிழை ஏட்டோடு நிற்பதன்று. கலந்த குப்பை எருவாகவோ மறுபொருளாகவோ ஆவது அரிது. அது கிடங்கிற்கே செல்கிறது. 1984இல் தொடங்கிய காசிப்பூர்க் கிடங்கின் ஒரு பகுதி 2017 செப்டம்பர் 1ஆம் நாள் சரிந்து இருவர் இறந்தனர். எனவே இத்துறையில் மொழிபெயர்ப்பாளர், கலைச்சொல்லுக்கு நேர்சொல் தருவதோடு அமையாது, எப்பொருள் எத்தொட்டிக்கு உரியது என்னும் எடுத்துக்காட்டுப் பட்டியலையும் மொழிபெயர்ப்பின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.