நண்டுக்கண் பதம்

பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது, 80 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பது இப்போது டப்பாவின் முதுகிலேயே அச்சாகி வருகிறது. ஆயிரம் ஆண்டுச் சீன மரபு இது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஆனால் பழைய சீன நூல்களில் அப்படி ஒரே விதியாக எதுவும் இல்லை. நீரின் சூட்டைப் பற்றி ஒரு காலத்தார் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். மறுத்தவர்கள் ருசி தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் கைக்கு வந்த தேயிலை வேறு. இலையைப் பக்குவம் செய்த முறைதான் நீரின் பதத்தைத் தீர்மானித்தது என்பதே என் கட்சி.

எட்டாம் நூற்றாண்டில் லூ யூ தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் காலத்துத் தேயிலை, ஆவியில் அவித்து, இடித்து, வில்லையாகத் தட்டிக் காயவைத்தது. அந்த வில்லையை வாட்டிப் பொடித்து, கொதிக்கும் பாத்திரத்துக்குள்ளேயே போட்டார்கள். மீன்கண் போல முதல் குமிழி வரும்போது உப்பு. ஓரங்களில் முத்துச்சரம் போலக் குமிழி ஏறும்போது ஒரு அகப்பை நீரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மூங்கில் குச்சியால் சுழற்றி நடுவில் பொடியைத் தூவ வேண்டும். அது பொங்கி எழும்போது, எடுத்துவைத்த நீரை ஊற்றி அடக்க வேண்டும். அதற்கு மேலும் கொதித்த நீர் குடிக்கத் தகாதது என்பது அவர் தீர்ப்பு. பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற நம் ஊர்க் கைகளுக்கு இந்தக் கண்ணளவு புரியும். இது வெறும் ஏட்டுப் பேச்சும் அல்ல. 874-ல் மூடப்பட்ட ஃபாமன் கோயில் நிலவறையை 1987-ல் திறந்தபோது, தேயிலை அரைக்கும் வெள்ளிச் சாதனமும் சல்லடையும் உப்புக் கிண்ணமும் கிடைத்தன.

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் சாய் ஷியாங் எழுதும்போது முறை மாறிவிட்டது. பொடியைக் கிண்ணத்தில் இட்டு, கெண்டியிலிருந்து சுடுநீர் வார்த்து, அடித்து நுரைகட்டிக் குடித்தார்கள். நீரின் பதம் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்கிறார் அவர். கெண்டிக்குள் கொதிப்பது கண்ணுக்குத் தெரியாதே. நீர் வேகாமலிருந்தால் பொடி மிதக்கும், மிஞ்சிவிட்டால் அடியில் தங்கும். முன்னோர் நண்டுக்கண் என்று சொன்ன குமிழி வந்துவிட்டால் அது மிஞ்சிய நீர் என்பது அவர் கணக்கு. 1597-ல் ஷூ சிஷூ இதற்கு நேர் எதிராக எழுதுகிறார்: நண்டுக்கண் தாண்டி, நீரில் மெல்லிய அலை எழும்பும் சமயமே சரியான சமயம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் எழுதிய ஜாங் யுவான் இன்னும் ஒரு படி மேலே போய், நீர் முழுதாகக் கொதிக்க வேண்டும் என்கிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார். சாய் ஷியாங் காலத்தில் தேயிலையை அரைத்தார்கள், அதனால் இளங்கொதி போதும். இப்போது இலை முழுசாக இருக்கிறது, நன்கு கொதித்த நீர் பட்டால்தான் அதன் சாரம் வெளிவரும். என் கட்சிக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

வில்லைப் பொடியிலிருந்து முழு இலைக்கு வந்த இந்த மாற்றத்தைச் சீனப் பேரரசர் ஹொங்வுவின் பெயரில் எழுதிவிடுவது வழக்கம். வில்லைத் தேயிலையைக் கப்பமாகச் செலுத்துவது குடிகளுக்குப் பாரம் என்று, 1391-ல் அவர் அதை நிறுத்தி உதிரி இலையைக் கேட்டது உண்மைதான். ஆனால் 1313-ல் வெளிவந்த வாங் ஜென்னின் வேளாண் நூலிலேயே உதிரி இலைத் தேநீர் இருக்கிறது. உயர்ந்த ரக வில்லை அரண்மனைக்குப் போகும் அரும்பொருள் என்றும் அதில் இருக்கிறது. ஊரார் அடுப்படியில் முன்பே நடந்ததை அரண்மனை பிறகு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

வேதியியல் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். நீர் சூடாக ஆக, துவர்க்கும் கேட்டசின் அதிகமாக இறங்கும். இனிமையான தியனின் ஆறிய நீரிலும் கரையும். அப்படியென்றால் கொதிநீர் எப்படி நல்ல தேநீர் தரும்? நியாயமான கேள்விதான். ஆனால் சூடு பாதிக் கணக்கு, நேரம் மறுபாதி. ஷூ சிஷூவின் கையைப் பாருங்கள். இலையைக் கைக்குள் வைத்துக்கொண்டு, நீர் குடுவைக்குள் விழுந்ததும் அதன் மேல் போட்டு மூடுகிறார். மூன்று மூச்சு விடும் நேரம். உடனே கிண்ணத்தில் வடித்து, மணம் கலங்கி எழ மறுபடி குடுவையில் ஊற்றுகிறார். இன்னும் மூன்று மூச்சு, பிறகு பரிமாறுகிறார். இலை முழுசு, குடுவை சிறிது, ஊறும் நேரம் அதனினும் சிறிது. துவர்ப்பு இறங்குவதற்குள் தேநீர் வெளியே வந்துவிடுகிறது. ஜாங் யுவான் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தார்: கோடையில் நீர் முதலில், இலை பிறகு, குளிர்காலத்தில் இலை முதலில்.

ஆறிய நீருக்கும் உரிய இடம் உண்டு. ஜப்பானில் 1738-ல் உஜிப் பகுதியின் நகதானி சோயென், இலையை ஆவியில் அவித்துச் சூடான மேடையில் கையால் உருட்டிக் காயவைக்கும் முறைக்கு உருக்கொடுத்தார். இன்றைய செஞ்சா அதன் வழிவந்தது. அடுத்த நூற்றாண்டில் அங்கே பிறந்த கியோகுரோ தேயிலைக்கு, பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிக்குப் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் படாத இலையில் தியனின் கேட்டசினாக மாறுவது குறைகிறது. அந்த இனிமையை எடுக்கத்தான் 50, 60 டிகிரி நீர். சீனாவிலும் இளமொட்டுகளால் ஆன லாங்ஜிங்குக்கு நீரைச் சற்று ஆறவிடுகிறார்கள். அந்தந்த இலைக்கு அந்தந்த நீர். ஆறிய நீரை எல்லா இலைக்கும் பொதுச் சட்டமாக்கியதுதான் பிழை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கிரீன் டீ பை. உள்ளே இருப்பது முழு இலை அல்ல, நொறுங்கிய துகள். அதனால் சாயமும் துவர்ப்பும் மளமளவென்று இறங்கும். அதற்கு நீரை ஆறவிடுங்கள், ஒரு நிமிடத்தில் பையை எடுத்துவிடுங்கள். வறுத்த முழு இலை கையில் கிடைத்தால், நன்கு சூடான நீரைத் துணிந்து ஊற்றலாம். வடிகட்டியை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.