கூலி என்னும் சொல் பட்ட பாடு

கூலி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரிற் பலருக்கு முகம் சுருங்குகிறது. சுங்கைப்பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ நல்ல நிலைமையில் வாழும் ஒருவரிடம், "உங்கள் பாட்டனார் கூலியாக வந்தவர்தாமே?" என்று கேட்டால், அவர் அதனைக் கேள்வியாகக் கொள்ளார், வசையாகவே கொள்வார். இவ்வளவிற்கும் அச்சொல் நம்முடைய சொல். நம்மிடமிருந்து கப்பலேறிப் போய், ஆங்கிலேயன் வாயிற் புகுந்து, வேறு பொருளோடு நம்மிடமே திரும்பி வந்தது. அது போன வழியையும் வந்த வழியையும் சிறிது ஆராய்தல் நலம் என்று எண்ணுகிறோம்.

தமிழிற் கூலி என்பது ஆளைக் குறிப்பதன்று. உழைப்பிற்கு ஈடாகக் கொடுக்கப்படுவதைக் குறிப்பது. வண்டிக்கூலி, சுமைகூலி, நாட்கூலி, அறுப்புக்கூலி என்பன இன்றும் வழக்கில் உள்ளவை. நகை செய்யும் பத்தர் செய்கூலி கேட்கிறார். அதற்காக அவரை எவரும் கூலி என்று கூப்பிடுவதில்லை. வேலை செய்பவரைக் குறிக்க வேண்டுமாயின் கூலியாள், கூலிக்காரர் என்று சொல்லை நீட்டியே நம் முன்னோர் வழங்கினர். கூலமாகிய தானியத்தால் அளக்கப்பட்டமையின் கூலி ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கொள்வர். வள்ளுவரோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில், மெய்வருந்தி முயன்றவன் பெறும் பயனுக்கே இப்பெயரை இட்டார். அவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்த சொல் இது.

ஆங்கிலேயர் இதனை எங்கிருந்து பெற்றனர் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதியைத் தொகுத்தவர் யூல், பர்னெல் என்னும் இருவர். இவருள் பர்னெல் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவ்வகராதி, மேற்கு இந்தியாவிலுள்ள கோலி என்னும் குலத்தாரின் பெயரே இதற்கு மூலமாயிருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஆயினும் தமிழிலும் கன்னடத்திலும் கூலி என்றால் ஊதியம் என்பதையும், வில்சன் என்னும் அறிஞர் அதனையே மூலமாகக் கொண்டதையும் மறைக்காமல் எடுத்துக் கூறுகிறது. இரண்டு ஆறுகள் கலந்து ஒன்றாயின என்று கொள்வது பொருந்தும் போலும். எப்படியாயினும் விளைந்த விளைவு ஒன்றே. கொடுக்கும் காசின் பெயர், வாங்கும் மனிதனுக்கு ஆயிற்று. நம் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். இலக்கணத்தில் அது குற்றமன்று; வாழ்க்கையில் எவ்வளவு குற்றமாயிற்று என்பதை மேலே காண்க.

முதலில் அது துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனைக் குறித்தது. பிறகு கடல் கடந்து தோட்டவேலைக்குச் சென்ற எவனையும் குறித்தது. சீனர் அதே ஒலியைத் தம் எழுத்தில் எழுதியபோது, கசப்பான வலிமை என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தனர். ஒலிக்காக எடுத்த எழுத்துக்களேயாயினும் பொருளும் எவ்வளவு பொருந்திவிட்டது! சுமத்திராவின் டெலிப் பகுதியில் டச்சுக்காரர் 1880-இல் இயற்றிய சட்டத்திற்குக் கூலிச் சட்டம் என்றே பெயர். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டவனைக் குற்றவாளியாகத் தண்டிக்க அது இடங்கொடுத்தது. தென்னாப்பிரிக்காவிலோ சொல் இன்னும் ஒருபடி இறங்கியது. டிரான்ஸ்வாலின் 1885-ஆம் வருஷத்து மூன்றாம் சட்டம் கூலிகள், அரபியர், மலாய்க்காரர் என்று ஆசியரை வகைப்படுத்திற்று. அங்கே கூலி என்பது தொழிலுமன்று, ஊதியமுமன்று. அது ஓர் இனத்தின் பெயர். பாரிஸ்டர் பட்டம் பெற்றுச் சென்ற காந்தியாரும் அங்கே கூலி பாரிஸ்டர் ஆனார். வியாபாரி கூலி வியாபாரி ஆனான். தமிழரைச் சாமி என்றும் அழைத்தனராம். சாமி என்றால் எஜமான் என்று பொருள். நான் உமக்கு எஜமானன் அல்லவே என்று சமத்காரமாய் விடை கூறியவர்களும் இருந்தனர் எனக் காந்தியார் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நிற்க. நம் கெடாவிற்கு வருவோம். 1909-இல் சயாமிடமிருந்து இந்நாடு பிரிட்டிஷ் ஆதிக்கத்திற்குட்பட்டது, ரப்பர் பரவிற்று, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் முதலிய இடங்களிலெல்லாம் தமிழர் குடியேறினர். (கூலிம் என்ற ஊர்ப்பெயருக்கும் நம் கூலிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை, அது ஒரு மரத்தின் பெயர்.) மலாயாவில் ஒப்பந்தத்தில் வந்தவரைச் சஞ்சிக்கூலி என்றனர்; மலாய்மொழியில் ஜாஞ்ஜி என்றால் வாக்குறுதி. அம்முறை 1910-இல் நீக்கப்பட்டது. பிறகு கங்காணி முறை நடந்தது. 1938-இல் இந்திய சர்க்கார் அதனையும் தடுத்தனர். முறைகள் மாறின, பெயர் மாறவில்லை. குடியிருந்த வரிசை வீடு கூலி லைன். ஆளைப் பதிந்த புத்தகம் செக்ரோல். விடியுமுன் பெரட்டில் நின்றவன் துரைக்குக் கூலி. மாதமுடிவில் தான் வாங்கியதை அவன் சொன்னதோ சம்பளம் என்று! தன் சொல்லைத் தன்மேல் ஒட்டிவிட்டபடியால், காசுக்கு வேறு சொல் தேடிக்கொண்டான் போலும். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருவருக்கும் பெயர் ஒன்று. காசில் மட்டும் வித்தியாசம்.

வெள்ளைக்காரனை மாத்திரம் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ளல் ஆகாது. பட்டணத்துத் தமிழன் தோட்டத்துத் தமிழனைத் தோட்டக்காட்டான் என்றதும், கிராணிமார் வீட்டில் கூலிப்பிள்ளைகளோடு சேராதே என்று குழந்தைகளுக்குப் போதித்ததும் எந்த துரை கற்பித்த பாடம்? ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஜாதி உயர்வு தாழ்விற்கு ஆங்கிலச் சொல் ஒன்று நல்ல போர்வையாய் வாய்த்தது. ஜாதிப் பெயரைச் சொல்லக் கூசியவனும் கூலி என்று சொல்லக் கூசவில்லை. நமக்கு இதுவே அதிக வருத்தந் தருவது.

பெயரை எதிர்த்தவர் அதனைச் சுமந்தவரே. 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்ட ஒன்று யாதெனின், துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமை. ஐந்து காசு பத்துக் காசைப் போல அதுவும் ஒரு கோரிக்கை! யுத்தத்திற்குப் பின், 1946, 47-ஆம் வருஷங்களில், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தொண்டர் படை கெடாவெங்கும் பரவிற்று. கள்ளுக்கடையை மறித்தனர்; அணிவகுத்து நின்றனர். 1947-இல் போலீஸாருடன் மோதல்கள் நேர்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. பெரட்டில் பெயர் கூப்பிட நின்ற அதே மனிதர், தாமே வகுத்த வரிசையில் நின்றபொழுது தம்மைத் தொண்டர் என்றனர். 1954-இல் தோன்றிய தேசியச் சங்கமும் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்றே பெயர் பூண்டது.

தொழிலாளர், உழைப்பாளர், பாட்டாளி என்று இன்று நமக்குச் சொற்பஞ்சமில்லை. மொரீசியஸ் தீவில் ஒப்பந்தத் தொழிலாளர் கரையிறங்கிய கூலி காட் என்னும் துறை ஆப்ரவாசி காட் எனப் பெயர் மாற்றப்பட்டு, 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இந்திய ரயில்வேயில் மூட்டை தூக்குவோரைக் கூலி என்னாது சகாயக் என்பதென்று 2016-இல் அறிவித்தனர். நல்லதே. ஆனால் பெயர் மாறிய அன்று மூட்டையின் கனம் குறைந்துவிட்டதா என்று கேட்கவும் நமக்கு ஆசையுண்டு. 2025-இல் வெளிவந்த ரஜினிகாந்த் படத்திற்குக் கூலி என்று தலைப்பிட்டபோது எவரும் கூசவில்லை. திரையில் அது வீரனின் பெயர். திண்ணையில் மட்டும் ஏன் வசை?

கூலிமை அடுத்த புக்கிட் சிடிம் தோட்டத்தைப் பற்றி இவ்விடத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதலாவதாக வாங்கியது இந்தப் புக்கிட் சிடிம் தோட்டந்தான். பங்கு ஒன்று நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதத்திற் கட்டலாம். பால் வெட்டியவர்கள் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளியும் அவரவர் கூலியிலிருந்து எடுத்து வைத்ததே.