வண்ணப்பெட்டிக்குக் காத்திருந்தவர்கள்

புதிதாகச் சந்தைக்கு வரும் மின்னணுச் சாதனத்தை உடனே வாங்குவதா, சற்றுப் பொறுப்பதா என்ற கேள்வி செல்பேசிக் காலத்தில் பிறந்ததன்று. வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது அமெரிக்கக் குடும்பங்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியுடன் வாழ்ந்தன.

முதலில் வந்தது சிபிஎஸ் நிறுவனத்தின் முறை. சுழலும் வண்ணத் தட்டைக் கொண்டு இயங்கிய அதற்கு 1950 அக்டோபரில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. நிறம் நன்றாகவே இருந்தது. ஆனால் வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு தெரியாது. 1951 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் வணிக ஒளிபரப்பு தொடங்கியது; அக்டோபரில், கொரியப் போரை முன்னிட்டு, வண்ணப்பெட்டி உற்பத்தியை நிறுத்துமாறு அரசு கேட்டுக்கொண்டது. அத்துடன் ஒளிபரப்பும் நின்றது. விற்றுப்போன சொற்பப் பெட்டிகளில் இயன்றவற்றைச் சிபிஎஸ்ஸே திரும்ப வாங்கிக்கொண்டது. அவசரப்பட்டவருக்கு இத்தகைய மீட்சி எப்போதும் வாய்ப்பதில்லை.

அடுத்து, பழைய பெட்டிகளிலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியக்கூடிய முறை 1953 டிசம்பரில் ஏற்கப்பட்டது. 1954 பிப்ரவரி இறுதியில் வெஸ்டிங்ஹவுஸ் தன் வண்ணப்பெட்டியை 1,295 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. வாங்க ஆளில்லை. மார்ச்சில் ஆர்சிஏ நிறுவனத்தின் சிடி-100 வந்தது; விலை 1,000 டாலர். ஒரு புதிய செவ்ரோலே காரின் விலையில் பாதிக்கு மேல்! பெரிய மரப்பேழைக்குள் 15 அங்குலப் படக்குழாய். அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் விலை 495 டாலராக இறங்கியது. மார்ச்சில் வாங்கியவர், சில மாதங்கள் முந்தியதற்காக 505 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தார். அந்த மாதங்களில் அவர் கண்ட வண்ண நிகழ்ச்சிகளோ மிகச் சில.

விலையைக் காட்டிலும் இதுவே பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டிகள் இல்லாததால் நிகழ்ச்சிகள் இல்லை. நிகழ்ச்சிகள் இல்லாததால் பெட்டிகளை வாங்குவாரில்லை. விலை குறையட்டும் என்று காத்திருப்பவருக்கு ஒரு கணக்கு உண்டு. பார்க்க ஏதேனும் வரட்டும் என்று காத்திருப்பவரோ, தம்மைப் போலவே காத்திருக்கும் அண்டைவீட்டாரையே நம்பியிருக்கிறார். இந்தச் சுழலில் நட்டத்தைத் தாங்கி நின்றவர் ஆர்சிஏவின் தலைவர் டேவிட் சார்னாஃப். என்பிசி ஒளிபரப்பு நிறுவனமும் அவர்களுடையதே என்பதால் அது சாத்தியமாயிற்று (வெறும் பெட்டி வியாபாரியாக இருந்திருந்தால் எப்போதோ கடையைக் கட்டியிருப்பார்). 1959 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கிய 'பொனான்சா' வண்ணத்திலேயே எடுக்கப்பட்டது. 1961இல் வால்ட் டிஸ்னியின் தொடரும் அங்கே வண்ணத்தில் வரத் தொடங்கியது. அந்நாள்வரை விலகி நின்ற ஜெனித் போன்ற போட்டியாளர்களும் அப்போதுதான் வண்ணப்பெட்டி செய்ய முன்வந்தார்கள்.

1965 இலையுதிர்காலத்தில் முக்கிய மாலைநேர நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் வண்ணமாயின. அதுவரை பொறுத்திருந்தவர்கள் ஒரேயடியாகக் கடைக்குக் கிளம்பினார்கள். வண்ணப் படக்குழாய்களின் உற்பத்தி அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலர் மறுபடியும் காத்திருக்க நேர்ந்தது.