பழைய மர மோட்டார் படகு: பளபளப்பு மேலே, வேலை அடியிலே

அமெரிக்காவின் மிச்சிகன், நியூயார்க் மாநில ஏரிகளில் கோடை பிறந்ததும், சிவந்த மரப் பலகையும் குரோம் பூச்சும் மின்னும் பழைய மோட்டார் படகுகள் தண்ணீரில் இறங்கும். பலவற்றுக்கு எழுபது, எண்பது வயது. கரையில் நிற்பவர் கண்ணைப் பறிப்பது மேல்தளத்து வார்னிஷ். விவரம் தெரிந்து வாங்க வருபவரோ முதலில் குனிந்து அடிப்பகுதியைத்தான் பார்ப்பார். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும், அடிப்பலகை போய்விட்ட படகைச் சீராக்கும் செலவு அதன் விலையையே தாண்டிவிடக்கூடும்.

இந்த வகையில் அதிகம் அறியப்பட்ட பெயர் கிறிஸ்-கிராஃப்ட். மிச்சிகனில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் உள்ள அல்கோனாக் என்ற சிற்றூரில் கிறிஸ்டஃபர் கொலம்பஸ் ஸ்மித்தும் அவருடைய மகன்களும் நடத்திய நிறுவனம் அது. பணக்காரர்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கப்பட்ட உல்லாசப் படகை, கார் தொழிற்சாலை போல் ஒரே அச்சில் பல செய்து விற்கலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். ஸ்மித்தோடு சேர்ந்து பந்தயப் படகு கட்டிய கார் வுட் பின்னர் தனியாகவும் படகுகள் கட்டினார். லாரியின் பின்பெட்டியைத் தூக்கிக் கொட்டும் ஹைட்ராலிக் கருவியால் செல்வந்தரானவர் அவர். 1931-இல் தண்ணீரில் மணிக்கு 100 மைல் வேகத்தை முதலில் தாண்டியவரும் அவரே. இரண்டாம் உலகப் போரில் கிறிஸ்-கிராஃப்ட் கடற்படைக்குத் தரையிறங்கு படகுகள் கட்டிக் கொடுத்தது. பிறகு கண்ணாடி இழைப் படகுகள் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1970களின் தொடக்கத்தோடு அந்த நிறுவனத்தில் மரப் படகு கட்டும் காலம் முடிந்தது.

மலேசிய வாசகருக்கு இந்த மரம் அந்நியமல்ல. அந்தப் படகுகளில் பெருமளவு பயன்பட்ட “பிலிப்பீன்ஸ் மஹோகனி” உண்மையில் மஹோகனியே இல்லை. அது ஷோரியா இனத்தைச் சேர்ந்தது. இங்கே கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் போடும் மெராந்தியும் அதே இனம்தான். உண்மையான பெரிய இலை மஹோகனி 2003 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே பழைய படகைச் சீராக்க வருபவருக்கு மரம் தேடுவதே பாதி வேலை. நிறமும் இழையும் ஒத்துப்போகாத பலகையைப் பக்கத்தில் போட்டால், வார்னிஷ் அடித்த பின் அது சட்டையில் போட்ட ஒட்டுப் போலத் தெரியும்.

அடிப்பகுதி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் அது ஏன் கெடுகிறது என்பது புரியும். படகின் முதுகெலும்பு ஏராக்கட்டை. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பு போலச் சட்டங்கள் போகும். சட்டங்களின் மேல் முதலில் மெல்லிய பலகைகளைச் சாய்வாக அடிப்பார்கள். அதற்கு மேல் பசைச் சாந்து தோய்த்த கித்தான் துணி. அதன் மேல் முன்னிருந்து பின்னாக நீளப் பலகைகள். படகு தண்ணீரில் இறங்கியதும் மரம் நீரை உறிஞ்சி உப்பும், இடுக்குகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். திரெங்கானு, பூலாவ் டுயோங் தச்சர்கள் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைத்து அடிப்பதும் இதே நோக்கத்தில்தான்.

ஆனால் ஏரிப் படகு வருடம் முழுவதும் தண்ணீரில் இருப்பதில்லை. குளிர்காலம் வந்தால் கொட்டகைக்குள் போய்க் காய்கிறது. ஊறுவதும் காய்வதுமாக நாற்பது, ஐம்பது வருடம் போனால் கித்தான் மக்கிவிடும், சாந்து பொடிந்துவிடும். பித்தளை ஸ்குருவின் கதை இன்னும் மோசம். நாள்பட்ட ஈரத்தில் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, இளஞ்சிவப்பு நிறத்தில் நொறுங்கும் செம்பு மட்டும் மிஞ்சும். தலை நன்றாகத்தான் இருக்கும், திருகினால் கையோடு வந்துவிடும். அப்படிப்பட்ட படகு வேகமாக ஓடும்போது ஒரு பலகை பிரிந்தால் போதும். சீராக்கும்போது சிலிக்கன் வெண்கல ஸ்குருக்களைப் போடுவது இதனால்தான்.

இன்னொன்று, படகைக் கெடுப்பது பெரும்பாலும் ஏரித் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர். மேல்தளத்து விரிசல் வழியாக இறங்கி, காற்றுப் புகாத மூலைகளில் தேங்கி, சட்டங்களின் நுனியை அழுக வைக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் மெல்லிய கூர்முனைக் கருவியால் சட்டங்களையும் ஏராக்கட்டையையும் இடம் இடமாகக் குத்திப் பார்க்கிறார்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். அழுகியது வெண்ணெய் போல விடும்.

வேலையைத் தொடங்கும்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிடுவது. பலகைதான் படகின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாம் போய்விட்டால் எலும்புக்கூடு தளர்ந்து கோணிவிடும். ஆகவே மேல்தளத்தையும் பக்கப் பலகைகளையும் வைத்துக்கொண்டு, உள்ளே குறுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்து, படகைத் தலைகீழாகப் புரட்டி, அடியை மட்டும் திறக்கிறார்கள். கழற்றிய பழைய பலகை எவ்வளவு கெட்டிருந்தாலும் தூக்கி எறிவதில்லை. புதியதை அறுக்க அதுதான் அளவு.

பிறகு நூல் பிடித்து ஏராக்கட்டையின் நேரைப் பார்க்க வேண்டும். முட்டு சரியில்லாத டிரெய்லரில் பல வருடம் கிடந்த படகின் அடி வளைந்திருக்கும். பின்பக்கம் உள்ளே குழிந்திருந்தால் ஓடும்போது மூக்கு தண்ணீரை நோக்கி அமுங்கும். வெளியே புடைத்திருந்தால் மூக்கு எழும்பி எழும்பிக் குதிக்கும். இதைக் கவனிக்காமல் மேலே புதுப் பலகை அடித்தால், கோணலை நிரந்தரமாக்கிய கதைதான்.

இங்கேதான் இந்தத் துறையின் பெரிய வாக்குவாதம். ஒரு சாரார், கித்தானும் சாந்தும் வைத்து முதலில் கட்டியபடியே கட்ட வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் கித்தானுக்குப் பதில் 3எம் நிறுவனத்தின் 5200 என்ற பாலியூரித்தேன் பசையைத் தடவி இரண்டு அடுக்கையும் ஒட்டிவிடுகிறார்கள். உள் அடுக்குக்கு மெரின் பிளைவுட் போடுவோரும் உண்டு. காய்ந்த பின்னும் ரப்பர் போல நெளியும் பசை அது. மரம் உப்பினாலும் சுருங்கினாலும் இடுக்கு திறக்காது. டிரெய்லரில் கொண்டு வந்து, காலையில் இறக்கி மாலையில் ஏற்றலாம். பழைய முறை அடி என்றால் இறக்கியவுடன் ஓட்ட முடியாது. பம்பு ஓடிக்கொண்டிருக்க, ஓரிரு நாளாவது ஊற வேண்டும்.

வசதிக்கு விலையும் உண்டு. அந்தப் பசை எளிதில் பிரியாது. முப்பது வருடம் கழித்து ஒரு பலகையை மாற்ற வருபவர் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நல்ல பலகையும் சேர்ந்து போகும். குடும்பத்தோடு அடிக்கடி தண்ணீரில் இறங்கும் படகுக்குப் பசை முறை நியாயமானது. தொழிற்சாலை அடியோடு இன்றுவரை தாக்குப்பிடித்திருக்கும் அபூர்வப் படகில் அதைச் செய்வது இழப்பு. பழைய படகு ஆர்வலர்களின் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில், புதுப்பிக்கப்பட்டவை வேறு, முதல் மரத்தோடு பாதுகாக்கப்பட்டவை வேறு என்று பிரித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, பல கிறிஸ்-கிராஃப்ட் படகுகளில் இருப்பது ஹெர்குலிஸ் ஆறு சிலிண்டர் இயந்திரம். ஏரி நீரையே இழுத்துக் குளிர்வித்துக்கொள்ளும். குளிர்காலத்துக்கு முன் அந்த நீரை முழுவதும் வடிக்காவிட்டால், உறைந்து இரும்பையே பிளந்துவிடும். உயிருக்கு ஆபத்து வேறிடத்தில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கீழே இறங்கிக் கலைந்துவிடும், படகிலோ அடித்தொட்டியில் தேங்கும். ஒரு பொறி போதும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆவியை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. கார் கடையில் வாங்கிய கார்புரேட்டரையோ டைனமோவையோ படகில் மாட்டக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வார்னிஷ் வேலை பொறுமைக்கானது. ஸ்குருத் தலைகளை மூடும் சிறு மரத் தக்கைகளின் இழை, பலகையின் இழையோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். தக்கையைப் பசைக்குப் பதில் வார்னிஷ் தொட்டு வைத்தால் பின்னால் எடுப்பது சுலபம். பிறகு சாயம் கலந்த நிரப்பியைத் தேய்த்து, பத்து முதல் பதினைந்து பூச்சு. சில பூச்சுகளுக்கு ஒருமுறை உப்புத்தாள்.

படகின் பிறப்பு விவரம் வேண்டுமென்றால் அதன் உடல் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். வர்ஜீனியா மாநிலம், நியூபோர்ட் நியூஸில் உள்ள மரினர்ஸ் மியூசியத்தில் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. எண் தெரிந்தால், அந்தப் படகு எந்த இயந்திரத்தோடு, எந்த நாளில், யாருக்கு அனுப்பப்பட்டது என்ற அட்டையின் நகலைப் பெறலாம். இருக்கைத் தோலின் நிறத்தைக்கூட அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு.